பாதிக் கிடங்கை நான் காலி செய்த வெள்ளிக்கிழமை

என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை நான் திறக்கலாம், மூடலாம். அதற்குள் இருக்கும் எதையும் எடுத்து வெளியே கொட்டக் கூடாது. (மூன்று நாள் பழைய சாம்பாராக இருந்தாலும் சரி.) அலமாரியில் இருக்கும் பழைய காகிதம், பரணில் கிடக்கும் பெட்டி, என்னுடைய கைப்பேசியில் நிரம்பி வழியும் புகைப்படம், எதையும் நீக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. இருபத்தைந்து வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவருக்கு இப்படி ஒரு தடையா என்று யாராவது கேட்டால், அவர்களுக்குச் சொல்வதற்கென்றே என் மனைவி கமலா ஒரு கதை வைத்திருக்கிறாள். அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கதையில் ஓர் இடம் வரும்போது மட்டும் அவள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவாள். என் முகத்துக்காகத்தான். அந்த இடத்தையும் சேர்த்து ஒரு முறை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2006-ம் வருடம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மரக்காணத்துக்குத் திரும்பியிருந்தேன். அப்பா விட்டுப்போன உப்பளம் கொஞ்சம் இருந்தது. சாலையோரம் ஓர் உப்புக் கிடங்கும் இருந்தது. கிடங்கின் மாடியைக் கோட்டக்குப்பத்து ரஃபீக் பாய் வாடகைக்கு எடுத்தார். வளைகுடாவில் பல வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கிருக்கும் மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை இங்கே செய்து அங்கே விற்பது அவருடைய தொழில். கீழே உப்பு மூட்டை, மேலே ஆறு கம்ப்யூட்டர், அவற்றின் முன்னால் ஆறு இளம்பிள்ளைகள். உப்புக் காற்றில் கீபோர்டுகள் முறை வைத்துத் துருப்பிடிக்கும்.

என்னை அவர் மேனேஜராக வைத்துக்கொண்டார். காரணம், நான் போனில் தடுமாறாமல் ஆங்கிலம் பேசுவேன். இன்னொரு காரணம், எனக்கு வழுக்கை. வாடிக்கையாளர் யாராவது வந்தால் கம்பெனிக்கு ஒரு கனம் இருக்கும் என்று நினைத்தார்.

உண்மையில் அந்த மாடியைத் தாங்கியவள் ஸ்டெல்லா. எம்.சி.ஏ. படித்த உள்ளூர்ப் பெண். அவள் அம்மா பிலோமினா என்னுடைய உப்பளத்தில்தான் உப்பு வாரினாள். மகள் மாடியில் என்னை "சார்" என்பாள், அம்மா அளத்தில் என்னை "அய்யா" என்பாள். இரண்டு மரியாதைகளும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

இப்போது கிளவுட் என்கிறார்களே, அந்தப் பெயர் அன்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அது போன்ற ஒன்று இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு கணினியையும் அதில் இடத்தையும் மாத வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் பிள்ளைகள் மென்பொருளில் ஒரு வரி மாற்றினாலும், அந்தக் கணினி தானாகவே முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கட்டினால் ஒன்பது மணி நேரம் ஆகும். அதனால் ஸ்டெல்லா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு முறை கட்டிய துண்டுகளை அங்கேயே ஒரு கிடங்கில் சேர்த்து வைப்பது. மாறாத துண்டுகளைக் கிடங்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, மாறியதை மட்டும் புதிதாகச் செய்வது. இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

உப்பளத்துக்காரனுக்கு இது புரிவது சுலபம். கடல் தண்ணீர் நேராக உப்பாவதில்லை. ஒரு பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய், கடைசிப் பாத்தியில்தான் உப்பு பூக்கும். சுண்டின தண்ணீர் கையிருப்பில் இருந்தால் உப்பு சீக்கிரம் கிடைக்கும். ஸ்டெல்லாவின் கிடங்கு அந்தச் சுண்டின தண்ணீர்தான் என்று முதல் நாளே கண்டுபிடித்து, ஆறு பேரையும் உட்காரவைத்து விளக்கினேன். (அவர்களுக்கு அது முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியாது.)

சிக்கல் என்னவென்றால், கிடங்கு வீங்கிக்கொண்டே போனது. அதற்கேற்ப வாடகையும் ஏறியது.

"புரொபசர் சார், நாம சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறோமா, இல்ல அமெரிக்காகாரனுக்கு குடோன் வாடகை கட்டுறோமா?" என்று ரஃபீக் பாய் கேட்டார்.

ஸ்டெல்லா, "ஒரு வாரம் டைம் குடுங்க சார். எது எதுக்குத் தேவைன்னு லிஸ்ட் எடுத்துட்டு இருக்கேன். பாத்துதான் அழிக்கணும்" என்றாள்.

ஒரு வாரம்! எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு தண்ணீர் மிஞ்சும். கசப்புத் தண்ணீர். அதை வெளியேற்றாமல் வைத்திருந்தால் அடுத்த உப்பும் கசக்கும். ஆகவே பழைய தண்ணீர்தான் முதலில் வெளியே போக வேண்டும். இதைச் செய்ய லிஸ்ட் எதற்கு? தேதி பார்த்தால் போதாதா?

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ரஃபீக் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஸ்டெல்லாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சதி எதுவும் இல்லை. அவள் இடத்துக்கு மேலேதான் மின்விசிறி இருந்தது. அவள் கம்ப்யூட்டர்தான் அந்த வெளிநாட்டுக் கணினியோடு எப்போதும் இணைப்பில் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் உருவானது எல்லாவற்றையும் அழி என்று கட்டளை கொடுத்தேன். கட்டளையை எனக்குச் சொல்லித் தந்ததும் ஸ்டெல்லாதான், வேறொரு நாள், வேறொரு காரியத்துக்காக. நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்டது. (அந்த ஒரு கேள்விக்காகவாவது நான் இயந்திரங்களை மதித்திருக்க வேண்டும்.) ஆமாம் என்றேன்.

கிடங்கு பாதியாகச் சுருங்கியது. எழுந்து நின்று என் கையை நானே குலுக்கிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பஜாருக்குப் போய் அரைக் கிலோ லட்டு வாங்கிவந்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி உரை எழுதிச் சட்டைப்பையில் மடித்து வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய வேலை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வாசிப்பதாகத் திட்டம். அந்த உரையில் "அனுபவம்" என்ற சொல் இரண்டு முறை வந்தது.

இரண்டே கால் மணிக்கு ஸ்டெல்லா ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். ரசீதில் கடையின் பெயர் அரபியில் தலைகீழாக வந்துகொண்டிருந்தது, அதைச் சரி செய்தாள். வளைகுடாவில் ஒரு பெரிய கடைக்கு மறுநாள் காலை திறப்பு விழா. ஆறு மணிக்குள் மென்பொருளை அனுப்பிவிடுவதாக ரஃபீக் பாய் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கடை திருப்திப்பட்டால் அதே முதலாளியின் மற்ற கடைகளும் நமக்கு. கெட்டுப்போனால் ஒன்றும் இல்லை.

மூன்று மணி ஆனது. முடியவில்லை. மூன்றரையும் தாண்டியது. ஸ்டெல்லா திரையை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

"இன்னாடி ஆச்சு?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"எல்லாத்தையும் மொதல்லேருந்து கட்டுதுடா. அடிப்படைத் துண்டு ஒண்ணுகூட கிடங்குல இல்ல."

அப்போதுதான் புரிந்தது. அந்தப் பழைய துண்டுகள் பழையதாக இருந்ததற்குக் காரணம், அவை ஒருபோதும் மாறவில்லை என்பது. மாறாததால்தான் மற்ற எல்லாமே தினமும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தின. நான் தூக்கி எறிந்தது கழிவை அல்ல, எல்லோரும் தினமும் மிதித்து நடந்த படிக்கட்டை.

ரஃபீக் பாய் ஓடிவந்தார். "எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒன்பது மணி நேரம் சார்."

"யா அல்லா! அங்க விடிஞ்சா கடை திறப்பும்மா! டெஸ்ட் பண்ண அவங்களுக்கு நேரமே இருக்காதே! யார் தொட்டது?"

ஸ்டெல்லா அந்த வெளிநாட்டுக் கணினியின் பதிவேட்டைத் திரையில் திறந்தாள். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஓர் அழிப்புக் கட்டளை. வந்த இடம், ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் பெயரையே படிக்கத் தெரியாதவள்போலத் திரையைப் பார்த்தாள்.

"சார், நான் தொடல. சத்தியமா நான் தொடல."

"உன் மிஷின், உன் பேரு. அப்போ மின்விசிறியா வந்து அழிச்சுது?" என்றார் ரஃபீக் பாய்.

நான் கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். டீ என் கட்டைவிரலைச் சுட்டது, நான் அசையவில்லை. ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் பாய்.' இரண்டே சொல். வாய் திறந்தேன். அதிலிருந்து வந்தது இது:

"பரவாயில்ல பாய். சின்னப் பொண்ணு. தெரியாம பண்ணியிருக்கும். விடுங்க."

கமலா வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இதுதான். நான் செய்த குற்றத்துக்கு நான் அவளை மன்னித்தேன்.

ரஃபீக் பாய் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க சொல்றதால இன்னிக்கி எதுவும் பேசல. ஆனா நாளைலேருந்து வேணாம்மா. எனக்கு நம்பிக்கை போச்சு."

சாயங்காலம் படியில் இறங்கும்போது ஸ்டெல்லா எனக்காக நின்றாள். கண் சிவந்திருந்தது.

"தேங்க்ஸ் சார். நீங்க மட்டும் பேசலன்னா எல்லார் எதிர்லயும் இன்னும் கேவலமா ஆயிருக்கும்."

"பரவாயில்லம்மா" என்றேன். பெருந்தன்மையாகத் தலையைக்கூட ஆட்டினேன்.

வீட்டில் வேட்டியை மாற்றினேன், சட்டையை மாற்றவில்லை. சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் கமலா பார்ப்பாள், உள்ளே இருந்தால் நெஞ்சைச் சுட்டது. இழுப்பறையில் வேறு அரைக் கிலோ லட்டு. எந்தத் துப்பறிவாளனும் வேண்டாம், ஓர் எறும்பு போதும் என்னைக் காட்டிக்கொடுக்க.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அளத்துக்குப் போனேன். அங்கே யாரும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்ற ஒரே ஆறுதல். எப்போதும்போல் கரையில் நின்றேன். குடை, தோல் செருப்பு, கையில் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய். பாத்திக்குள் பிலோமினா பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பலகையோடு வந்துவிட்டாள்.

"அய்யா, எம்பொண்ணு நேத்துலேருந்து ஒரு வாய் சோறு துன்னலீங்கய்யா. நீங்கதான் அவளுக்காகப் பேசுனீங்களாமே. நல்லா இருக்கணும் நீங்க."

"அதெல்லாம் எதுக்கு" என்று முனகினேன்.

"ஆனா அவ தொட்டிருக்க மாட்டாங்கய்யா. இன்னாதான் ஆச்சு அங்க? அவ சொல்றது எனக்கு வெளங்கல. நீங்க படிச்சவங்க, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

இருபத்தைந்து வருட வாத்தியார் வேலை ஒரு வியாதி. விளக்கு என்று சொன்னால் போதும், தூக்குமேடையில் நின்றுகூட விளக்குவேன்.

"அதாவது பிலோமினா, நாம சுண்டின தண்ணிய பாத்தியில வச்சிருக்கோம்ல, அது மாதிரி அந்த மிஷின்ல பாதி வேலை முடிஞ்ச சாமான சேத்து வச்சிருந்தாங்க. எடம் பத்தல. உப்பு வாரினப்புறம் நிக்கிற கசப்புத் தண்ணிய வெளியேத்துறோமே, அது மாதிரி இருக்கறதுலயே பழசு எதுவோ அதை மொதல்ல வெளியேத்திட்டேன்... வெளியேத்திட்டாங்க."

அவள் அந்தத் தடுமாற்றத்தைக் கவனிக்காத மாதிரிதான் இருந்தது.

"பழசுன்னா எவ்ளோ பழசு?"

"ஆறு மாசத்துக்கு மேல இருக்கறது எல்லாம்."

"அதுல இன்னா இருந்துச்சு?"

"எல்லாத்துக்கும் அடியில இருக்கற சாமான். அது மேலதான் மத்தது நிக்கும்."

பிலோமினா பலகையை ஊன்றிக்கொண்டு பாத்தியைப் பார்த்தாள்.

"அப்போ அது தண்ணி இல்லீங்கய்யா. அது தரை."

பலகையால் பாத்தியைச் சுட்டிக் காட்டினாள்.

"வருசா வருசம் நாங்க மிதிச்சு மிதிச்சு கெட்டி பண்றோமே, அந்தத் தரை. உங்க அப்பா காலத்துத் தரை. இந்த அளத்துல அதவிடப் பழசு இன்னா இருக்குது? பழசுன்னு அத வெட்டி வாய்க்கால்ல போட்டா உப்பு எங்க போய் வெளையும்?"

"ஆமா" என்றேன்.

"எம்பொண்ணு ஸ்கூல் லீவுல எங்கூட பாத்தி மிதிச்சவ. தண்ணி எது, தரை எதுன்னு அவ காலுக்குத் தெரியும். இது மிதிச்சவங்க பண்ண வேலை இல்லீங்கய்யா. கரையில நின்னு பாத்துக்கினு இருந்தவங்க பண்ண வேலை."

சொல்லிவிட்டு அவள் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு குடையை. அவசரமே இல்லாமல் கேட்டாள்:

"கசப்புத் தண்ணிய வெளியேத்துற கணக்கு உங்க ஆபீசுல வேற யாருக்குங்கய்யா தெரியும்?"

என் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் கரையில் விழுந்து உடைந்தது. அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். "கால் வச்சிடாதீங்க" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாத்திக்குள் இறங்கிப் போய் உப்பு வார ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. சம்பளம் கொடுப்பவனைத் திட்ட அவளால் முடியாது என்பதும், அந்த வசதியில்தான் நான் நேற்று முழுவதும் ஒளிந்திருந்தேன் என்பதும் அந்த முதுகைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆபீசுக்கு நடந்தேன். வழியில் மூன்று முறை திரும்பிவிட நினைத்தேன். ஒரு முறை திரும்பவும் செய்தேன், டீக்கடை வரை.

மாடியில் ரஃபீக் பாயும் மற்றப் பிள்ளைகளும் என் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். இழுப்பறையிலிருந்து கறுப்புக் கோடாக எறும்பு வரிசை ஜன்னல் வரை போய்க்கொண்டிருந்தது.

"புரொபசர் சார், உப்பு குடோன்ல எறும்பு வந்து நான் பார்த்ததே இல்ல. உள்ள இன்னா வச்சிருக்கீங்க?"

"லட்டு" என்றேன். "நான் அழிச்சதுக்கு."

யாருக்கும் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். வியர்வையில் மை பரவியிருந்தது. ரஃபீக் பாய் படித்தார். 'அனுபவம்' என்ற இடத்தில் அவர் கண் நின்றதைக் கவனித்தேன். இரண்டாவது 'அனுபவம்' வந்தபோது தாளை மடித்தார்.

"இது எப்போ எழுதுனது?"

"நேத்து ஒண்ணரை மணிக்கு."

"அப்போ, அந்தப் பொண்ண நான் கேக்கும்போது..."

"தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். தெரிஞ்சுதான் விடுங்கன்னு சொன்னேன்."

அவர் கார் சாவியை எடுத்தார். "வாங்க. நானும்தான் வரணும். கேக்காம தீர்ப்பு சொன்னவன் நான்."

ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் நான் முதலில் பேசினேன். எதையும் மறைக்காமல், மின்விசிறிக்காக அவள் நாற்காலியில் உட்கார்ந்தது வரை சொன்னேன். வேலையிலிருந்து பிலோமினா வந்து, ஈரக் காலோடு மகளுக்குப் பின்னால் நின்றாள். ஸ்டெல்லா கேட்டு முடித்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

"நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேன் சார்."

ரஃபீக் பாய் கெஞ்சினார். வருவதாகச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு. என் சட்டைப்பை டைரியில் இருக்கும் எல்லா பாஸ்வேர்டையும் அவள் எதிரில் கிழித்துப் போட வேண்டும். அங்கேயே கிழித்தேன். பின்னால் நின்ற பிலோமினா, "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்கய்யா" என்றாள். "தை மாசம் பாத்தி மிதிக்க வாங்க. செருப்பக் கழட்டிட்டு."

கடை திறப்பு விழா கையால் எழுதிய ரசீதோடு நடந்தது. மற்றக் கடைகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் அழித்ததை எல்லாம் திரும்பக் கட்டியதில் அந்த மாத வாடகை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. ஸ்டெல்லா தன் லிஸ்டை முடித்தாள். ஒரு துண்டு எப்போது பிறந்தது என்று அவள் பார்க்கவில்லை, கடைசியாக எப்போது யார் கேட்டார்கள் என்று பார்த்தாள். போன மாதம் பிறந்து ஒருவரும் கேட்காத குப்பை மலைபோல் இருந்ததாம். அதைத் தள்ளினாள். கிடங்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, வேலை இருபத்தைந்து நிமிடத்திலேயே முடிந்தது. அன்றைக்கு யாரும் லட்டு வாங்கவில்லை.

தை மாதம் மிதிக்கப் போனேன். பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அரை மணியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கரையில் கமலா என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கரையில நின்னு பாத்தா சுலபமாத்தான் தெரியுது" என்றாள். பிலோமினா முதல் முறையாக என் எதிரில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த அறிவுரை சொன்னாலும் ஒரே கேள்விதான்: "மிதிச்சவரா, நின்னவரா?" அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தன் மனைவிக்குத் தோசை சுடச் சொல்லித்தந்தபோது அவள் கேட்டாள். இப்போது லீவுக்கு வரும்போதெல்லாம் என் பேத்தி, நான் பழைய சாம்பாரைக் கையில் எடுத்தாலே குளிர்சாதனப் பெட்டியின் குறுக்கே வந்து நின்றுகொண்டு கேட்கிறாள்.

ஸ்டெல்லா இப்போது பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பாள். ஊரில் எல்லோரும் சொல்லிச் சிரித்துவிட்ட இந்தக் கதையை அவள் மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை. போன் மணி அடிக்கும்போது, இந்த வருடமாவது அவளும் சொல்லிச் சிரிக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். "நல்லா இருக்கேன்மா" என்பேன். வைக்கும்போது தேங்க்ஸ் என்று சொல்வது நானாக இருக்கும்.